பொத்தான் இல்லாதவர்கள்

கார்த்திகை மாதம், காலை ஆறரை.
ஸ்காபரோ, எல்ஸ்மியர் வீதி, தெற்குக் கரை.
மடக்குக் கதிரை, பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி,
மடியில் மாநகரசபையின் எண்ணும் பெட்டி.
நேரே போகும் காருக்கு ஒரு பொத்தான்,
திரும்பும் காருக்கு ஒன்று,
பாரவண்டிக்கு, பஸ்ஸுக்கு,
கடைசி வரிசையில் சைக்கிளும் ஆளும்.
மணித்தியாலத்துக்குப் பத்தொன்பது டொலர்.

கரை என்றுதான் வாயில் வருகிறது.
ஏழு தடங்கள்.
நடுவில் கால் ஆற ஒரு முழ மேடுகூட இல்லை.
சிக்னல் மேற்கே அறுநூறு மீற்றர்,
கிழக்கே அதைவிடத் தூரம்.
பஸ் தரிப்பிடங்கள் மட்டும்
இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று,
கோபித்துக்கொண்ட சம்பந்திகள் போல
முகம் பார்த்தபடி நிற்கின்றன.

ஏழு பத்து.
இரவு வேலை முடிந்த ஒருத்தி
இரண்டு தடம் ஓடி, நின்று,
லொறிக் காற்று மேலங்கியை இழுக்க
மிச்சம் ஐந்தையும் ஓடி
என் கதிரையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள்.
கழுத்தட்டையில் மரிசெல்.
அமுக்கினேன். ஒன்று.

ஏழு நாற்பது.
நடைபாதையில் சைக்கிளோடு ஒரு பெடியன்.
மேலே ஓட்டினால் தண்டம்,
கீழே ஓட்டினால் சாவு.
இவன் எந்தக் கணக்கு?
யோசித்து முடிக்க முன்னர்
போய்விட்டான்.

எட்டு ஐந்து.
தள்ளுவண்டியில் அரிசி மூட்டையோடு ஒருவர்.
இடம் பார்த்தார், வலம் பார்த்தார்,
ஒரு காலைக் கீழே வைத்தார்,
எடுத்தார்.
நாலு நிமிடம் அப்படியே.
பிறகு சிக்னலை நோக்கி நடந்தார்.
ஒரு சில்லு கத்திக்கொண்டே போனது.
அவர் சுற்றி அந்தக் கரைக்கு வருவதற்குள்
பஸ் வந்து, கதவு திறந்து, மூடி,
போய்விட்டது.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அவருக்குப் பொத்தான் இல்லை.

மத்தியானம் பொறியியலாளர் பிரெண்டன்
ஓரமாகக் காரை நிறுத்தி, விளக்கு மினுங்க, இறங்கி வந்தார்.
எத்தனை பேர் கடந்தார்கள்?
பத்தொன்பது.
காணாது, இருநூறாவது வேண்டும், என்றார்.
ஒருவரும் கடக்காத இடத்தில்
கடவை போட முடியாதே.
கெட்ட மனிதர் அல்ல.
என் விரல்களைப் பார்த்துவிட்டுத்
தன் கையுறையைக் கழற்றித் தந்தவர்.
கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது, என்றார்.

அவர் போன பிறகு
படிவத்தைப் புரட்டி, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்:
வந்து, பார்த்து, திரும்பியவர்கள்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர்.
மருந்துக் கடைப் பெயர்ப்பலகையை
வெகுநேரம் வாசித்துக்கொண்டு நின்ற ஒரு கர்ப்பிணி.
சக்கர நாற்காலியில் வந்தவர்
விளிம்புக்குக்கூட வரவில்லை,
தூரத்திலேயே தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.
அவருக்குக் கோட்டைக் கொஞ்சம் அழுத்திப் போட்டேன்.

நாலு மணிக்குத் தேத்தண்ணி வேலையைக் காட்டியது.
கழிப்பறை எதிர்க்கரைக் கோப்பிக் கடையில்.
எழுந்தேன். பார்த்தேன். இருந்தேன்.
என்னையும் ஒரு கோடாகப் போட்டேன்.

ஐந்தரைக்கு இருட்டிவிட்டது.
பிரெண்டன் இந்த முறை நடந்து வந்தார், மூச்சு வாங்க.
ஓரத்தில் நிறுத்த இடமில்லையாம்,
கார் எதிர்க்கரை வாகனத் தரிப்பில்,
சிக்னல் வரை போய்ச் சுற்றி வந்தாராம்.
முன்பக்கத்தைப் பார்த்தார்: முப்பத்தொன்று.
பின்பக்கத்தைப் பார்த்தார்.
எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லாத அளவு கோடுகள்.
இதை ஏற்றக் கணினியில் இடமில்லை, என்றார்,
ஆனால் தாளை மடித்துப்
பைக்குள் வைக்கவும் இல்லை.

பிறகு விளிம்புக்குப் போனார்.
அறுநூறு மீற்றர் மேற்கே பார்த்தார்.
நேர் எதிரே, வெள்ளைக் கார், அவருடையது.
இடம் பார்த்தார், வலம் பார்த்தார்.
ஒரு காலைக் கீழே வைத்தார்.
எடுத்தார்.

படிவம் அவர் கையில்.
பென்சில் என் கையில்.